டெக் பூட்டக்கூடிய ரீவி

பழைய ரீவி செத்துப்போன அன்று நான் ரீவிக்காகக் கவலைப்படவில்லை. அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் துவாயில் சுற்றி வைத்திருந்த வீடியோ கசற்தான் நினைவுக்கு வந்தது. இனி அதை எதில் போட்டுப் பார்ப்பது?

என் மனுசனின் குரல் அந்தக் கசற்றில் மட்டும்தான் இருக்கிறது. தொண்டையில் வந்த நோய்க்குக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைத்து வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருப்பார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாயை அசைப்பார், நான் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வேன். அவசரமென்றால் மேசையில் தட்டுவார். குருநகர்க் கரையில் நின்று இந்த மனுசன் கூப்பிட்டால் தூரத்து வள்ளத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்று சொல்லிச் சிரித்த ஊர் இது. கைபேசி கையில் இருந்த அத்தனை வருசமும் அவர் கதைத்ததை நாங்கள் பதிந்து வைக்கவில்லை. குரல் போகும் என்று யார் கண்டது?

கசற், மகள் கோயிலில் முதல் நன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்கிய அன்று பிடித்தது. சண்டை நின்றிருந்த சமாதான காலம், வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுச் செய்தோம். மகள் இப்போது பிரான்சில், அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. ஒப்பரேசனுக்குப் பிறகு அந்தக் கசற்றை நான் வெளியே எடுக்கவே இல்லை. கேட்டால் அவர் உடைந்துபோவார் என்று ஒரு பயம். கசற் ஓட்டுகிற பழைய டெக் நாடாவைச் சப்பித் துப்பிவிடும் என்று இன்னொரு பயம். இவற்றுக்கெல்லாம் அடியில், யாருக்கும் சொல்லாத ஒரு பயமும் இருந்தது. அவருடைய குரல் எனக்கு மறந்துகொண்டு வந்தது. இரவில் படுத்திருந்து அவர் என் பெயரைக் கூப்பிடுவதாக நினைத்துப் பார்ப்பேன். சொல் வரும், சத்தம் வராது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுக்கையில் விழ, தம்பி தங்கச்சிகளைப் பார்க்க ஆள் இல்லை. படித்திருந்தால் பயம் குறைந்திருக்குமோ தெரியாது. இடி இடித்தால் வீட்டிலுள்ள பிளக்கை எல்லாம் பிடுங்குவேன். பிறகு பிடுங்கினேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன்.

ரீவி செத்த மறுநாள் காலையில் அவர் வந்து அலுமாரிக் கதவில் தட்டினார். உதடு ‘கசற்’ என்றது. ஒளித்து வைத்த இடம் அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது.

மகள் போனில் பெரிய ரீவியாகவே வாங்கச் சொன்னாள். தன்னையும் பேரனையும் சுவர் முழுக்கப் பார்க்கலாமாம், பணத்தை யோசிக்க வேண்டாமாம். கசற் விசயத்தை அவளுக்குச் சொல்லவில்லை. நாடா பழுதாய்ப் போனால் அங்கேயும் ஒருத்தி இருந்து அழவேண்டும்.

டெக்கைத் துவாயால் சுற்றி, சந்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஓட்டோவில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனோம். டெக்கைக் காட்டினால்தானே அதற்குப் பொருந்துகிற ரீவி எது என்று சொல்லுவார்கள்? சட்டை வாங்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதில்லையா, அதுபோல. கடையில் விற்பனைக்கு நின்றவர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“அன்ரி, இதைத் தந்திட்டுப் புதுசு கேக்கப் போறியளோ?”

இதை வயரால் பூட்டக்கூடிய ரீவி வேண்டும் என்றேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டை இருக்க வேண்டும். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரிய ரீவிகள் இருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போனார். எல்லாவற்றிலும் மீன்கள் நீந்தின. அப்படிப்பட்ட நிறத்தில் மீன் எங்கள் கடலில் இல்லை. என் மனுசன் ஒரு மீனையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ரீவிக்கும் பின்னால் போய்க் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார்.

“எல்லாரும் முன்னாலை பாத்துத்தான் வாங்கிறவை, அங்கிள். நீங்கள்தான் முதுகைப் பாக்கிறியள்.”

பெரிய ரீவிகளின் முதுகில் தட்டையான துவாரங்கள் மட்டுமே இருந்தன. இடையில் ஒரு சின்னப் பெட்டி வைத்தால் டெக் வேலை செய்யலாம் என்றார் விற்பனைக்காரர். எனக்கு அந்த ‘லாம்’ பிடிக்கவில்லை. நிச்சயமாக வேலை செய்யுமா என்று திரும்பக் கேட்டேன். சிலதில் செய்யும், சிலதில் செய்யாது என்று தோளைக் குலுக்கினார். அதற்குள் என் மனுசன் மூலையில் கிடந்த ஒரு சின்ன ரீவியைத் தட்டிக்கொண்டு நின்றார். அதன் முதுகில் ஒரேயொரு வட்ட ஓட்டை, சுற்றிவர மஞ்சள் வளையம். அதில் செருகுவதற்கு ஒரு குட்டி வயர் பெட்டிக்குள்ளேயே வருகிறதாம். அந்த வயரின் மற்ற நுனியில் மூன்று நிறமும் இருந்தன.

பழைய டெக்கின் கறண்ட் புது ரீவிக்குள் பாய்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். “ஒண்டும் வெடிக்காது அன்ரி, பயப்பிடாதேங்கோ” என்றார். வெடிக்கலாம் என்ற எண்ணமே அதன் பிறகுதான் எனக்கு வந்தது.

வாங்கியதை மகளுக்கு வீடியோக் கோலில் காட்டினேன்.

“உதென்னம்மா, ரீவியோ ஜன்னலோ?”

அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானச் சோறு முடிந்ததும் பூட்டத் தொடங்கினோம். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு வயருக்குக் கிட்ட நெருப்பு எதற்கு என்று அணைத்துவிட்டேன். நிறத்துக்கு நிறம் பார்த்துச் செருகினார். ரீவி ‘ங்ங்ங்’ என்று உறுமியது. நான் ஓடிப்போய்ச் சுவிச்சை நிறுத்தினேன். அவர் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். மஞ்சளைப் பிடுங்கிச் சிவப்பில் போட்டார், சிவப்பை மஞ்சளில் போட்டார். உறுமல் நின்று, திரை நீலமாகியது. நிறத்தை நம்பக் கூடாது என்று நான் சொன்னேன். அவர் தோள் குலுங்கியது. அவருக்கு இப்போது சிரிப்பு அப்படித்தான் வரும்.

எங்கள் கசற்றை முதலில் போட நான் விடவில்லை. சொந்தக்காரர் ஒருவரின் கலியாணக் கசற் கிடந்தது, அதைப் போட்டோம். மாப்பிள்ளை கோயில் படியேறும்போது படம் கோடு கோடாகி நின்றது. உள்ளே கரகரவென்று சப்புகிற சத்தம். நான் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் டெக்கின் மூடியைக் கழற்றி, உருளைகளுக்குள் சிக்கிய நாடாவைப் பார்த்தார். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் எடுக்கிற கை அது. இழுக்காமல், அவசரப்படாமல் எடுத்துவிட்டார். பிறகு மடிப்பு விழாத புது ரூபா நோட்டு ஒன்றை என்னிடம் வாங்கி, ஓடிக்கொலோன் என்கிற வாசனைத் தண்ணீரில் நனைத்து, உள்ளே மினுங்கும் உருளையைச் சுற்றித் துடைத்தார். டெக் இருந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் துடைத்தோம். நோட்டுக் கறுத்து வந்தது. கலியாணக் கசற்றைத் திரும்பப் போட்டோம். மாப்பிள்ளை படியேறி உள்ளே போனார்.

இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் கசற்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். டெக் அதை வாங்கி விழுங்கியது.

கோயில். வெள்ளைச் சட்டை, பூமுடி, கையில் மெழுகுதிரியோடு மகள். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. சுவாமியாரின் வாய் அசைந்தது, பாட்டுத்தான் கேட்டது. பிள்ளைகள் நன்மை வாங்கினார்கள், வேறொரு பாட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள். மனிசர் கதைத்த சத்தத்தை எடுத்துவிட்டு, முழுக்கப் பாட்டை ஏற்றித் தருவார்கள். அதற்குத்தான் ஆட்களும் ஆசைப்பட்டார்கள். இன்ன பாட்டுப் போடுங்கோ என்று நாங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கசற் அறுந்துபோகும் என்று இத்தனை நாள் பயந்தேனே, உள்ளே குரல் இருக்கிறதா என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

பந்தல் வந்தது. அவர் வந்தார், கறுத்த மீசையோடு, புதுச் சேட்டோடு. ஆட்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினார். வாய் ஓயவில்லை. ஒரு சொல்லும் கேட்கவில்லை. திரையிலும் வாய் மட்டும் அசைகிற மனுசன், பக்கத்துக் கதிரையிலும் அதே மனுசன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

கேக் வெட்டுகிற இடத்தில் ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கவில்லை. பந்தலின் இரைச்சல் திடீரென்று வீட்டுக்குள் வந்தது. பீங்கான் சத்தம், யாரோ ஒரு குழந்தையின் அழுகை. அதற்கு மேலால் அவர்.

“முதல் துண்டை அம்மாவின்ரை வாயிலை தீத்து, பிள்ளை. இல்லாட்டி இண்டைக்கு எனக்குச் சோறு இல்லை.”

ஆட்கள் சிரித்தார்கள். அடுத்த பாட்டு வந்து எல்லாவற்றையும் மூடியது.

நான் நினைத்து வைத்திருந்த குரல் அது இல்லை. நான் மனதுக்குள் தடித்த குரல் ஒன்றைச் செய்து வைத்திருந்திருக்கிறேன். இது மெல்லியது, நுனியில் கொஞ்சம் கீச்சென்றது. ஓம், இதுதான். எப்படி மறந்தேன்?

அவர் நாடாவைப் பின்னால் ஓட்டினார். டெக் அழுதது. அறுந்துபோம், போதும் என்றேன். கேட்கவில்லை. திரும்ப அந்த இடம் வந்தது, திரும்ப ஓட்டினார். மூன்றாம் முறை நான் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். குரல் வர, அவரும் சேர்ந்து வாயை அசைத்தார். ஒரு சொல்லும் பிந்தவில்லை, உதடும் குரலும் ஒன்றாகப் போயின.

பாட்டு மூடியதும் என் பக்கம் திரும்பினார். ‘நீ மறந்துபோனாய், என்ன?’ என்றது உதடு.

“கொஞ்சம்” என்றேன்.

கோபிக்கவில்லை. ‘நானுந்தான்’ என்றார். பிறகு என் கைபேசியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, மறுபடியும் நாடாவைப் பின்னால் ஓட்டினார்.

டெக்குக்குள் ஏதோ கிறீச்சிட்டது. ஓடிக்கொலோன் மணத்தோடு, சூடேறிய பிளாஸ்ரிக் மணமும் வந்தது. சின்ன ரீவிக்கு முன்னால் நிலத்தில் முழங்காலில் இருந்து, கைபேசியை இரண்டு கையாலும் பிடித்தேன். பதிகிற சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. திரும்பவும் பார்த்தேன். திரையில் மகள் கத்தியை எடுத்துவிட்டாள். பாட்டு முடியப்போகிறது. கைபேசிக்குள் வேறு சத்தம் போய்விடக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டேன்.