நாலு நாளில் எழுந்த வாத்தியார்

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூணு வருஷம் ஆகியிருந்தபோது உப்பளம் வட்டாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தைக் காய்ச்சல் பிடித்தது. எட்டு வாத்தியார்களில் ஐந்து பேர் படுத்துவிட்டோம். எனக்கு வயது இருபத்து நாலு, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். படுத்தவர்களில் மூத்தவர் சவரிமுத்து வாத்தியார், ஐம்பத்து மூன்று. பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவரைக் கொடி மாறியதும் கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். அவரை எல்லாரும் பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்கிற முசியே என்றே கூப்பிடுவோம்.

எங்கள் தலைமையாசிரியருக்குக் காய்ச்சலில் நம்பிக்கை கிடையாது. வாத்தியாருக்கு வரும் வியாதி எல்லாமே சோம்பேறித்தனம், பெயர்தான் வேறு வேறு என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம்.

நான் நாலு நாள் படுத்து ஐந்தாம் நாள் வந்துவிட்டேன். தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். பரிசாக மூன்று வகுப்புகளை ஒரே கூடத்தில் அடைத்து என்னிடம் கொடுத்தார். பெருமையாகத்தான் இருந்தது. அன்று மாலையே என்னை முசியே வீட்டுக்கு அனுப்பினார்.

"நீயே போ. உன்னப் பாத்தா அவருக்கு வெக்கம் வரும்."

போனேன். முசியே கிணற்றடியிலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பேச்சு வர ஐந்து நிமிஷம் ஆனது. பதினைந்து நாள் ஓய்வு என்று டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினார். அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து நான் தலைமையாசிரியரிடம் சொன்னது ஒரே வார்த்தை: "நடமாடறார் சார்."

மறுநாளே வேலைக்கு வரச்சொல்லி ஆள் போனது. முசியே வந்தார். அவருக்கு மாடி வகுப்பு. இரண்டாம் நாள் மத்தியானம் படி ஏறும்போது மயங்கி விழுந்தார். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. இடுப்பு பழையபடி ஆகவேயில்லை.

இதற்கிடையில் அந்தக் காய்ச்சல், நம்பிக்கையில்லாதவர் என்று பார்க்காமல், தலைமையாசிரியருக்கும் வந்தது. ரெட்டியார்பாளையத்தில் மாமியார் வீட்டில் ஒரு மாதம் ஆட்டுக்கால் சூப் குடித்துக்கொண்டு படுத்திருந்தார். வெட்கப்படுத்த யாரையும் அனுப்ப முடியவில்லை, அனுப்புகிறவரே படுத்துவிட்டதால். முசியே தடி ஊன்றி வேலைக்கு வந்த அன்று தலைமையாசிரியர் மனமுருகிச் சொன்னார்:

"நம்ம வயசுல உடம்பு மெதுவாத்தான் தேறும், முசியே."

முசியே பிரெஞ்சில் "வுய்" என்று ஆமோதித்தார்.

அன்று மாலை நான் முசியேயிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நான் நடமாடுனது நெசந்தானே தம்பி. எப்படி நடமாடுனேன்னுதான் சொல்லாம உட்டுட்டீங்க."

பின்னாளில் நானும் தலைமையாசிரியர் ஆனேன். ஒருவர் எத்தனை நாளில் எழுந்தார் என்பதை இன்னொருவரிடம் நான் சொன்னதே கிடையாது. ஐம்பதைத் தாண்டி எனக்கே காய்ச்சல் வந்தபோது எழுந்து உட்காரப் பத்து நாள் ஆனது. அந்த நாலு நாளில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருபத்து நாலு வயது செய்த வேலைக்கு நான் முதுகில் தட்டு வாங்கியிருந்தேன்.