தொண்ணூற்றொரு சதவீதம் பொன்னன்

பதவி: அறிவு வரைபடப் பகுப்பாய்வாளர். தகுதி: கணினி அறிவியலில் முதுகலைப் பட்டம், சரளமான ஆங்கிலம், உணர்ச்சிக்கு இடங்கொடாமல் முடிவெடுக்கும் திறன்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு கம்பெனி ரஞ்சிதாவுக்குக் கொடுத்த கடிதத்தில் இப்படித்தான் இருக்கிறது. ரஞ்சிதா பத்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் சரளமாக வருவது கேசிங் பைப், ஹேமர், பிட். மூன்றாவது தகுதியைப் பற்றி நேர்முகத் தேர்வில் யாரும் கேட்கவில்லை. நேர்முகத் தேர்வே நடக்கவில்லை.

பன்னிரண்டு வருடம் அவள்தான் அங்கே போன் எடுத்தாள். இப்போது எடுப்பது ஒரு செயற்கை நுண்ணறிவு. பெண் குரல் என்பதால் அலுவலகத்தில் அதற்கு அம்மிணி என்று பெயர். யார் பேசினாலும் அம்மிணி மறப்பதில்லை. ஆளுக்கொரு புள்ளி, உறவுக்கொரு கோடு என்று ஒரு பெரிய வலையாக நினைவில் வைத்துக்கொள்கிறது. மறதி இல்லாததுதான் அதன் தொல்லையும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு கூட்டத்தில், அதாவது ஒரே குலத்துப் பங்காளிகளுக்குள், மூத்த பையனுக்குக் குலசாமி பெயரை வைப்பார்கள். ஆகவே வீட்டுக்கு வீடு பொன்னன். அம்மிணி நான்கு பொன்னன்களை ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டு, தொள்ளாயிரம் அடி ஓட்டியும் புழுதி மட்டுமே பார்த்த பொன்னனைக் கூப்பிட்டு, இரண்டு இஞ்ச் தண்ணீர் வந்ததற்கு வாழ்த்துச் சொன்னது. அவர் நேரில் வந்து பதில் வாழ்த்துச் சொன்னார். அந்தச் சொற்களை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பதவி. சந்தேகமான புள்ளிகளை அம்மிணி இரண்டிரண்டாக நிறுத்தும். ஒரே ஆளா, வேறு வேறு ஆளா என்று ரஞ்சிதா சொல்ல வேண்டும். சரியாகத் தெரியாவிட்டால் ஒருமுறை போன் செய்து விசாரிக்கலாம்.

போன ஆவணியில் ஒரு காலை, இரண்டு பொன்னன்கள் வந்து நின்றார்கள். ஒருவர் நாமகிரிப்பேட்டைக்காரர், போன வாரம் ராய்ப்பூரிலிருந்து ரிக்கை, அதாவது துளை போடும் வண்டியை, வாடகைக்குக் கேட்டவர். மற்றவர் கம்பெனியின் பழைய ஆள்பதிவேட்டிலிருந்து ஏற்றப்பட்டவர்: டிரில்லர், நாமகிரிப்பேட்டை, சத்தீஸ்கர் போன வண்டி, கடைசியாகத் தென்பட்ட ஆண்டு 2014.

அந்த இரண்டாவது பொன்னன் ரஞ்சிதாவின் புருஷன். வண்டியேறிப் போனவன் எட்டு மாதம் பேசினான், பிறகு பேசவில்லை. சண்டை போட்டுவிட்டும் போகவில்லை. உட்கார்ந்து திட்டக்கூட ஒரு காரணத்தை விட்டுவைக்கவில்லை. அவனுடைய புள்ளியிலிருந்து ஊருக்கு ஒரு கோடு போகிறது, வண்டி நம்பருக்கு ஒரு கோடு போகிறது. மனைவிக்குக் கோடு இல்லை. ஆள்பதிவேட்டில் அப்படியொரு கட்டம் கிடையாது.

ஒரே ஆள்தான், தொண்ணூற்றொரு சதவீதம் நிச்சயம் என்றது அம்மிணி.

பக்கத்து மேசை மைதிலிக்கு இந்தக் கதை தெரியாது. “ஏனக்கா, தொண்ணூத்தியொரு மார்க்கு வாங்கியிருக்குது. இன்னும் பாஸ் போட மாட்டீங்களா?”

“பேரும் ஊரும் ஒண்ணா இருந்தாப் போதுமா கண்ணு?”

“கல்யாணத்துக்கே அதுக்கு மேல ஆரும் பாக்கறதில்லீங்க்கா.”

‘ஒரே ஆள்’ என்று அழுத்தினால் 2014 என்பது போன வாரமாகிவிடும். ரஞ்சிதாவின் விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ராய்ப்பூர்ப் பொன்னனுக்குப் போன் போட்டாள்.

“ஏனுங்க, பொன்னனுங்களா?”

“ஆமாங்க. ஆருங்க?”

அவன் குரல் மாதிரி இல்லை. பதினோரு வருடத்தில் குரல் மாறாதா என்று அவள் தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள்.

“திருச்செங்கோட்டு ரிக் ஆபீசுங்க. உங்க அம்மா பேரு என்னங்க?”

“முத்தாயம்மாளுங்க. ஊட்டுலதான் இருக்குது. ஏனுங்க, ரிக்குக்கு எங்கம்மா கையெழுத்துப் போடோணுங்களா?”

ரஞ்சிதாவின் மாமியார் பெயர் பூவாத்தாள். ஐந்து வருடத்துக்கு முன் இறந்தபோது கூட இருந்தவள் ரஞ்சிதாதான். வேலை அத்தோடு முடிந்தது. போனை வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

“உங்க பேருல இன்னொருத்தரு அந்தப் பக்கம் ரிக்குல வந்தாருங்களே, தெரியுமுங்களா?”

“எங்க கூட்டத்துல கல்ல உட்டெறிஞ்சா அது ஒரு பொன்னன் தலைல தானுங்க உழுகும். எந்தப் பொன்னனுங்க?”

வண்டி நம்பரைச் சொல்லியிருக்கலாம். “மோருசோத்துக்கு உப்புப் போடாமத் திம்பாருங்க,” என்றாள்.

“அட, உப்பில்லாப் பொன்னனா! ஜக்தல்பூர்ல ஒரே வண்டில வேலை பார்த்தமுங்க. ரெண்டாயிரத்துப் பதினேழுல. பொறகு நாக்பூர் பக்கம் போறேன்னு போனாப்ல. நல்ல மனுசன். நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?”

“ஆபீசுல இருந்து பேசறனுங்க,” என்றாள் ரஞ்சிதா.

இரண்டு பொன்னன்களையும் ‘வேறு ஆள்’ என்று பிரித்தாள். இருவருக்கும் நடுவில் ‘உடன் வேலை செய்தவர், ஜக்தல்பூர்’ என்று ஒரு கோடு போட்டாள். பழைய பொன்னனின் ‘கடைசியாகத் தென்பட்ட ஆண்டு’ கட்டத்தில் 2014-ஐ அழித்துவிட்டு 2017 என்று எழுதினாள்.