திறப்பு வாங்கிய நாள்

போன மே மாதம் ஒரு மத்தியானம் எங்கள் புது வீட்டுக் கூரையிலிருந்து ஒரு துண்டு குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. மனைவி போட்ட சத்தத்தில் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். நிலமெல்லாம் குழம்பு. அண்ணாந்து பார்த்தால் சாந்து உரிந்து, உள்ளே கம்பி துருவேறி வீங்கி நிற்கிறது. தொங்கிய ஒரு துண்டைப் பிய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு! மன்னார்த் தீவில் பிறந்தவனுக்கு அது எந்த உப்பென்று ஒருவரும் சொல்லித்தர வேண்டாம். கடல் மண்! கழுவாத கடல் மண்ணைக் குழைத்துக் கொங்கிறீட் போட்டிருக்கிறான், படுபாவி!

எனக்குக் கோபம் வந்தால், அயலுக்குக் கேட்கக் கூடாதென்று மனைவி யன்னலைச் சாத்துவாள். அன்றைக்கு அவளே திறந்துவிட்டாள். நான் படகு எஞ்சின் திருத்துகிறவன், அவள் தைக்கிறவள். அந்த வீட்டில்தான் எங்கள் அவ்வளவு உழைப்பும் இருந்தது. இன்னொரு கூரை போட எங்களால் முடியாது. இந்தக் கூரையின் கீழே படுக்கவும் முடியாது.

வீடு கட்டிய ஒப்பந்தக்காரனுக்கு உடனே போன் எடுத்தேன்.

"அண்ணை, நான் போன வருசம் மாசியில வேலை முடிச்சனான். ஒரு வருசப் பொறுப்புத்தானே எழுதினது? அது முடிஞ்சு போச்சு. நீங்கள் இன்சூரன்ஸைக் கேளுங்கோ."

கேட்டேன். காப்புறுதிக் கந்தோரில் கதிரை தந்து, தேத்தண்ணியும் தந்தார்கள். "வெள்ளம், புயல், நெருப்பு எண்டால் தருவம் ஐயா. கட்டினவர் விட்ட பிழைக்கு நாங்கள் பொறுப்பில்லை."

"அப்ப புயலடிச்சு விழுந்தால்தான் காசோ?"

"அப்பவும் புயலாலயோ பிழையாலயோ எண்டு பாப்பம்."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு சட்டத்தரணிப் பிள்ளையிடம் போனேன். அவர் ஒப்பந்தத்தை ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார்.

"மறைஞ்ச குறை எண்டால் வருசம் முடிஞ்சாலும் வழக்குப் போட்டுப் பாக்கலாம். ஆனா அவர் தெரிஞ்சு மறைச்சவர் எண்டு காட்டவேணும். வழக்கு முடியிறதுக்குள்ள உங்கட மீசை நரைச்சிடும்."

"அது எப்பவோ நரைச்சிட்டுது, பிள்ளை."

"பொறுங்கோ. பொறுப்புக் காலம் வீட்டுத் திறப்பைக் கையளிச்ச நாளில இருந்து எண்டெல்லோ கிடக்கு. எப்ப திறப்பு வாங்கினனீங்கள்?"

"மாசி" என்று நான் வாயெடுக்க, மனைவி தொடையில் கிள்ளினாள்.

"ஆவணி" என்றாள்.

என்ர மாதாவே! உண்மைதானே! மாசியில் அவன் கதவுப் பூட்டின் திறப்பை நீட்டினான். இவள் வாங்கவில்லை. பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லி மந்திரிக்காத வீட்டின் திறப்பைத் தொடமாட்டேன் என்றாள். மந்திரிக்கும்போது கனடாவில் இருக்கிற தன் தமையனும் நிற்க வேண்டும் என்றாள். தமையனோ ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குத்தான் வருவார். வாடகை வீட்டில் வேர்த்துக்கொண்டு நான் ஆடிய சன்னதம் கொஞ்சமா? விசரி என்றுகூடச் சொன்னேன். அதுவரைக்கும் எங்கள் வீட்டுத் திறப்பு அவனுடைய மோட்டார் சைக்கிள் திறப்போடு சேர்ந்து தொங்கியது.

"சாட்சி இருக்கோ?" என்று கேட்டார் சட்டத்தரணி.

மனைவி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். தமையன் பிடித்த வீடியோ. சுவாமி தீர்த்தம் தெளித்து முடிய, புதுச் சேட்டும் மாலையுமாக ஒப்பந்தக்காரன் முன்னே வந்து கமராவைப் பார்த்துச் சொல்கிறான்: "இண்டைக்குத்தான் திறப்பைக் குடுக்கிறன். இண்டையிலயிருந்து ஒரு வருசத்துக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நான் பொறுப்பு!" எல்லாரும் கைதட்டுகிறார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டுகிறவன் நான்.

சட்டத்தரணிப் பிள்ளை கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "அக்கா, உங்களுக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு!"

அவர் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்ததும் ஒப்பந்தக்காரன் வீட்டுக்கு வந்தான். டிவியில் அவனுடைய பேச்சைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டேன். கைதட்டல் முடியுமட்டும் குனிந்துகொண்டு நின்றான்.

"ஓம் அண்ணை, கடல் மண்தான். ஆத்து மண் லொறி வரேல்லை, அவசரத்தில போட்டிட்டன். முழுக்க உடைச்சுத் திரும்பப் போட்டுத் தாறன்."

"என்னைப் பேய்க்காட்டலாம் எண்டு நினைச்சியோ?" என்று நான் தொடங்க, மனைவி கையைக் காட்டி மறித்தாள். ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"தம்பி, வேலை முடிஞ்ச உடன கொண்டுவந்து நீட்டாதேங்கோ. சுவாமி திரும்ப மந்திரிக்கவேணும். அண்ணர் வந்துதான் மந்திரிக்கலாம்."

அவன் முகம் வெளிறியது. "அப்ப அக்கா, அந்த ஒரு வருசம்?"

"நான் திறப்பு வாங்கிற அண்டையிலயிருந்துதான்."

நான் சேட்டைப் போட்டுக்கொண்டு வாடகை வீடு பார்க்கப் போனேன்.