வண்டியைப் பேசவிட்ட பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா காலமான செய்தி வந்தபோது நான் வானொலி நிலையத்தில் மழை அறிவிப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய மகள் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அறிவிப்பை முடித்துவிட்டு ஏதோ ஒரு பாட்டைப் போட்டேன். வெளியே தென்னைகள் நீருக்கடியில் அசைவதுபோல மெதுவாக அசைந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை காலைகளில் கார் வைத்திருப்பவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொன்ன அக்காவை உங்களில் பலர் குரலாகவே அறிவீர்கள். அருகில் அமர்ந்து உங்கள் அழைப்புகளை இணைத்தவன் நான். அதற்கு முன் அவர் ஒரு கார் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர்.

கடற்கரைத் தெருவிலிருந்து ஒரு பெண் பேசியது நினைவிருக்கும். தினமும் காலையில் முதல் பிரேக்குக்கு வண்டி கரகரக்கிறது, ஒர்க்‌ஷாப்பில் பிரேக் டிஸ்க்கையே மாற்றச் சொல்கிறார்கள் என்றார். போனைச் சக்கரத்தின் அருகே பிடிக்கும்படியும், கணவரைக் கொண்டு வண்டியை நகர்த்தும்படியும் அவரிடம் சொன்னார் அக்கா. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வானொலியில் மௌனம் நீண்டால் எனக்கு வியர்த்துவிடும். அவரோ தொலைவில் எங்கோ மிதந்துகொண்டிருந்தார்.

“கடக்காத்துல ராத்திரி நின்னா டிஸ்க்குல மெல்லிசா துரு பிடிக்கும் தாயி. நாலு தடவ மெதுவா பிரேக் போட்டா போயிரும். அதுக்குப் பெறவும் சத்தம் கேட்டா மட்டும் மெக்கானிக்கிட்ட காட்டுங்க” என்றார்.

சாயர்புரத்து ஆசிரியர் ஞானதாஸின் விஷயம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. வாங்கிய சில மாதத்திலேயே அவருடைய புதுக் காரின் அடிப்பாகம் துருப்பிடித்திருந்தது. கடற்காற்றுக்கு வாரண்டி கிடையாது என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். தன் வீட்டிலிருந்து கடலே தெரியாதே என்று அவர் வருந்தினார். அது அக்கா முன்பு வேலை பார்த்த அதே ஷோரூம். எங்கள் நிலையத்துக்கு விளம்பரம் தருவதும் அவர்கள்தான். இதை விட்டுவிடும்படி எங்கள் இயக்குநர் கேட்டுக்கொண்டார். அக்கா ஒலிபரப்பில் ஷோரூமின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கார் தயாரான மாதத்தையும் வாங்கிய மாதத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆசிரியருடன் நேரில் போனார். நானும் போனேன்.

காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, மேலாளரையும் அடியில் வந்து நிற்க அழைத்தார். துரு செதிள் செதிளாக உதிர்ந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை.

“இது உப்பளத்துப் பக்கம் வண்டி நிறுத்துற நம்ம யார்டுல ஒரு மழக்காலம் முழுக்க நின்ன வண்டி, சார். ஒங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாங்குனவருக்குத்தான் தெரியாது.”

மேலாளர் உதிர்ந்த துருவை விரலால் தொட்டுப் பார்த்தார். பழுதான பாகங்களை மாற்றித் தருவதாக அன்றே எழுதிக் கொடுத்தார். திரும்பும் வழியில் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் மினுங்கிய உப்புப் பாத்திகளைப் பார்த்தபடி வந்தார். “கூட வேல பாத்த பிள்ளையெல்லாம் அங்கன நின்னுச்சு. ஒருத்தரும் என் மொகத்தப் பாக்கல” என்றார்.

விளம்பரம் நின்றது. சில வாரம் நிகழ்ச்சியும் நின்றது. அக்கா எங்கே என்று நீங்கள் விடாமல் கேட்டதால்தான் அது திரும்பி வந்தது.

பின்னாளில் அக்கா நோயில் விழுந்தார். அது முற்றியிருந்த ஒரு மாலை அவரைத் துறைமுகச் சாலைக்குக் காரில் அழைத்துப் போனேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்திருக்க, கப்பல்கள் எதன்மேல் நிற்கின்றன என்றே தெரியவில்லை. அக்கா இருக்கையில் சாய்ந்து தூங்கிப்போனார். வீடு வந்தும் எழுப்ப மனமில்லாமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவர் கண் திறந்து வெளியே பார்த்தார்.

“வீட்டத் தாண்டிட்டியேப்பா.”

“ஆமாக்கா. திருப்பட்டுமா?”

“வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஓட்டு.”

அவர் சொல்லித்தந்த வண்டி விஷயங்களில் பாதி எனக்கு மறந்துவிடும். அந்த ‘இன்னும் கொஞ்சம்’ மட்டும் என்னிடம் இருக்கும்.