பிள்ளையார் போட்ட தடை

அன்பான அடியார்களே, போன ஆவணி மாதம் முழுவதும் நான் பிள்ளையாரோடு கோபமாக இருந்தேன். கும்பிடாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் விடியப் போய்க் கும்பிட்டுத்தான் கோபித்தேன். அந்தக் கோபத்துக்கு அவர் தந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியார் கம்பனி என்பதால் பென்சன் கிடையாது. கடைசியில் கைக்கு வந்த சேமலாப நிதிதான் எங்களுக்கு எல்லாம். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் வீட்டு வாடகையும் இவருடைய சீனி வருத்தத்துக்கு மருந்தும் அதன் வட்டியில்தான் ஓடுகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் கை நீட்ட எங்கள் இருவருக்கும் மனமில்லை. அந்தக் காசு போனால் நாங்கள் நடுத்தெருவில்தான்.

அந்தக் காசை எடுத்து விளக்குத் திரியில் போடப் போவதாக இவர் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

விஷயம் இதுதான். ஒரு கம்பனி திரி உருட்டும் மெசினும் பஞ்சும் தரும். அதற்கு முதலில் காசு கட்ட வேண்டும். வீட்டில் இருந்தபடியே திரி செய்து கொடுத்தால் அதே கம்பனி அவ்வளவையும் திரும்ப வாங்கிக்கொள்ளும். கோயிலுக்கும் விகாரைக்கும் திரி வேண்டும்தானே, இது நட்டப்படாத தொழில் என்று இவர் எனக்கே வகுப்பு எடுத்தார்.

வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபத்தில் இதற்குக் கூட்டம் வைத்தார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கம்பனிப் பொடியன் நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்து, முதலில் ஒரு தேவாரம் பாடினான். நல்ல குரல்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தேவாரத்தோடு மண்டபமே மயங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் எதைச் சொன்னாலும் எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு தொற்று வருத்தம். பண்ணோடு பாடத் தெரிந்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததோ.

நான் எழும்பி, திரியை நீங்கள் யாருக்கு விற்கிறீர்கள் என்று கேட்டேன். வெளிநாட்டுக்கு என்றான். எந்த நாட்டுக்கு என்றேன். பல நாட்டுக்கு என்றான். ஏற்கெனவே திரி செய்து காசு வாங்கிய ஒருவரை நான் பார்த்துக் கதைக்கலாமா என்று கேட்டேன். மற்றவர்களின் தனிப்பட்ட விவரம் கொடுக்க முடியாது அன்ரி என்று சிரித்தான். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருத்தினார். வெளியே வரும்போது மாதிரிக்கு என்று எல்லாருக்கும் மஞ்சள் நூல் கட்டிய திரிக்கட்டு ஒவ்வொன்று தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பெரிய சண்டை. "நீர் எல்லாத்துக்கும் நொட்டை சொல்லுவீர்" என்பதோடு இவர் கதையை முடித்துவிட்டார். தனக்குத் தந்த மாதிரித் திரியில் தினம் ஒன்றாக எடுத்துச் சாமி விளக்கில் கொளுத்தி, பார், எவ்வளவு வடிவாக எரிகிறது என்று ஒரு கிழமையாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தந்த திரிக்கட்டை நான் அவிழ்க்காமலே கைப்பைக்குள் போட்டு வைத்தேன்.

இனி யாரிடம் போவது? பிள்ளையாரிடம் போனேன். எல்லாரும் அவரிடம் தடையை நீக்கு என்று கேட்பார்கள். நான் தடை போடு என்று கேட்டேன். பிள்ளையாரப்பா, நீ போடுகிற தடையை யாராலும் தாண்ட முடியாதாம், இந்த மனிசனின் காலுக்குக் குறுக்கே ஒன்றைப் போட்டுவிடு என்று அழுதேன். தினமும் தேங்காய் உடைத்தேன். இவரும் அதே கோயிலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். தொழில் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்று கேட்கத்தான் உடைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

பார்த்தால் பிள்ளையார் இவர் பக்கம் நின்றது போல இருந்தது. ஒரு கையெழுத்துக்கு நாள் கணக்காக அலைக்கழிக்கிற வங்கி, நிலையான வைப்பை முறித்துக் காசை உடனே கொடுத்தது. கம்பனியின் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக்கே நேரம் கிடைத்தது. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. உனக்குக் காது இவ்வளவு பெரிதாக இருந்து என்ன பிரயோசனம் என்று மூலஸ்தானத்தைப் பார்த்துக் கேட்டே விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை காசை உறையில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்குள் கட்டிவிட வேண்டும் என்பது இவருடைய திட்டம். பம்பலப்பிட்டியில் பஸ் நின்றுவிட்டது. சாரதி இறங்கிப் போய் எஞ்சினைத் திறந்து பார்த்தார், ஆளோடு ஆள் சிங்களத்தில் ஏச்சு. நான் கேட்ட தடை இதுதானா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த பஸ் வராமலா போகும்? வந்தது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் தொடங்கிவிட்டது.

ராகுகாலம் பார்ப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை. மூத்த மகள் பிறக்க எனக்கு நோ கண்டபோதும், ராகுகாலம் முடியட்டும் என்று ஓட்டோவை வாசலில் காக்க வைத்தவர். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஏசுவதே என் வழக்கம். அன்றைக்கும் அதே கூத்து. பொடியன் இப்போதே கட்டுங்கள் அங்கிள், மெசின் முடிந்துவிடும் என்று அவசரப்படுத்தினான். இவர் உறையை மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கட்டும், அதற்கு முன்னால் காசை வெளியே எடுக்க மாட்டேன் என்று அசையாமல் இருந்துவிட்டார். பொடியனும் வேறு வழியில்லாமல் பிளேன்ரீ கொடுத்தான்.

அப்படி நாங்கள் காத்திருக்கும்போதுதான் ஒரு பெண் பெரிய பை ஒன்றைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தாள். பை நிறையத் திரி. மேசையில் வேலை செய்த கம்பனிப் பெண்பிள்ளை அதில் ஒன்றை எடுத்து விரலுக்குள் உருட்டிப் பார்த்துவிட்டு, தளர்வாக இருக்கிறது, எடுக்க முடியாது என்று பையைத் தள்ளிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னால் போனேன்.

அவள் பெயர் பரீதா. மாளிகாவத்தை தொடர்மாடியில் இருக்கிறாள். படிக்கட்டில் பையை வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"கொண்டு வாற ஒவ்வொரு தரமும் ஒரு குறை சொல்றாங்க அக்கா. தளர்வு எண்டாங்க, இறுக்கிச் செஞ்சேன். இறுக்கம் எண்டாங்க, திரும்பத் தளர்த்தினேன். எண்ட மகள்ட தோட்டை வித்துத்தான் சல்லி கட்டினேன். ஒரு திரிகூட இன்னும் எடுக்கல்ல."

எனக்குத் தலை முதல் கால் வரை கொதித்தது. இவர்களுக்குத் திரியே தேவையில்லை. மெசினுக்குக் கட்டுகிற காசுதான் இவர்களுடைய வியாபாரம். ஆனால் இதை நான் போய்ச் சொன்னால் இவர் நம்பப் போகிறாரா? நொட்டை என்பார். பரீதாவுக்குச் செய்யத் தெரியவில்லை என்பார். அந்த நேரம் என் கைப்பைக்குள் இருந்த திரிக்கட்டு நினைவுக்கு வந்தது. மஞ்சள் நூலை அவிழ்த்தேன். கம்பனியே தந்த அந்தத் திரிகளைப் பரீதாவின் கையில் கொடுத்து, இதையும் நீ செய்தது என்று சொல்லிக் காட்டு என்றேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

நான் போய் இவருக்குப் பக்கத்தில் இருந்து, காதுக்குள் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, அவள் கையில இருக்கிறது நீங்கள் ஒரு கிழமையாக் கொளுத்தின கம்பனித் திரி. பேசாமல் பாருங்கோ."

மேசைப் பிள்ளை ஒரு திரியை எடுத்தது. விரலுக்குள் உருட்டியது. இதுவும் சரியில்லை, இதுவும் தளர்வு என்றது. பொடியனும் எட்டிப் பார்த்து, இன்னும் பழக வேண்டும் அக்கா என்று பரீதாவுக்குப் புத்தி சொன்னான். தாங்கள் செய்து தாங்களே பகிர்ந்த திரி அவனுக்கே தெரியவில்லை.

இவர் உறையைச் சட்டைக்குள் செருகி, மேல் பொத்தானைப் பூட்டினார். பொடியன் மணிக்கூட்டைக் காட்டி, பன்னிரண்டு ஆகிவிட்டது அங்கிள் என்று பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

"ஓம் தம்பி, நல்ல நேரம் வந்திட்டுது. நாங்கள் வெளிக்கிடுறம்" என்றார் இவர்.

பரீதாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூவருமாகப் பொலிஸில் போய் முறைப்பாடு கொடுத்தோம். விசாரிக்கிறோம் என்றார்கள். அடுத்த தரம் போய்ப் பார்த்தபோது அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அவளுடைய காசு இன்றுவரை வரவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அவள் செய்த திரிக்கு ஒரு குறையும் இல்லை. கோயிலுக்கு முன்னால் கற்பூரம் விற்கும் கடைக்காரர் ஒன்றைக் கொளுத்திப் பார்த்துவிட்டு வாங்கத் தொடங்கினார். இப்போது வேறு இரண்டு கடைகளும் அவளிடம் வாங்குகின்றன. வாங்கும் ஆளை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பஞ்சு வாங்குவதுதான் தொழில் என்று நானும் அவளும் இப்போது ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் காலை நானும் இவரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போனோம். மனம் நிறைந்து கும்பிட்டேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது, நீங்கள் தடை நீங்க வேண்டும் என்றீர்கள், நான் தடை வேண்டும் என்றேன், பிள்ளையார் யாருடைய பேச்சைக் கேட்டார் பார்த்தீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன். இவர் குனிந்தபடியே பதில் சொன்னார்.

"நானும் அதைத்தான் கேட்டனான். காசை எடுத்த நாளிலயிருந்து எனக்கும் பயம். வேலையால நிண்டாப் பிறகு சும்மா குந்தியிருக்க வெக்கமாக் கிடந்தது, அதுதான் இதில இறங்கினனான். அவ்வளவு கதைச்சுப்போட்டு உம்மட்ட வந்து என்னெண்டு சொல்லுறது? பிள்ளையாரிட்டச் சொன்னனான், நீயே நிப்பாட்டு எண்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு அழுகை வந்தது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக் கொண்டுபோய்ப் பிள்ளையாருடைய காலடியில் கொட்டியிருக்கிறோம். அவரும் பொறுமையாக இரண்டையும் கேட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலைத் தந்திருக்கிறார்.

அடியார்களே, உங்களுக்கு முன்னால் யாராவது ஒரு தொழிலைக் கொண்டுவந்து வைத்தால், பிள்ளையாரிடம் போங்கள். நம்பிச் சொல்லுங்கள், அவர் கேட்கிறார், இது நான் கண்ட உண்மை. அவரிடம் சொன்னதை வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருப்பவரிடமும் ஒருதரம் சொல்லிவிடுங்கள்.