விமரிசனப் பாடத்தன்று நான் சொன்ன பொய்

கல்லூரியில் எஃப்.ஏ. தேறியபின் ஆசிரியர் பயிற்சிக்காகப் பாளையங்கோட்டையில் ஓராண்டு தங்கியிருந்தேன். அந்த ஆண்டு முழுவதும் வியாழக்கிழமை வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் விமரிசனப் பாடம். எங்களில் ஒருவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். மற்றப் பதினான்கு பேரும் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்து, அவர் செய்கிற பிழைகளை நோட்டில் குறிக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று அவர் முகத்துக்கு நேரே வாசிக்க வேண்டும். பிழை செய்தவருக்கு மட்டுமல்ல, பிழையைக் காணத் தவறியவருக்கும் மார்க்கு குறையும்.

என்னோடு ஒரே அறையில் தங்கியவர் சாத்தான்குளத்துக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். ஊர்ப் பள்ளியில் ஏழு வருஷம் வாத்தியாராக இருந்தவர்தான். ஆனால் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் இனி வேலையில் நீடிக்க முடியாது என்று சொல்லிவிட்டதால், வீட்டை விட்டு வந்திருந்தார். சிறு வயதில் கண்ட காய்ச்சலில் அவருக்கு வலது காது போய்விட்டது. இது என் ஒருவனுக்குத்தான் தெரியும். உடற்குறை இருந்தால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்கப்போனால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, யாரிடமும் கேட்கவில்லை. நான் எப்போதும் அவருடைய வலப்பக்கமே நிற்பேன். யாராவது கூப்பிட்டால் முழங்கையால் பைய இடிப்பேன்.

அவருடைய முறை ஒரு மார்கழி வெள்ளியன்று வந்தது. பூகோளப் பாடம். கரும்பலகையில் பொதிகையிலிருந்து கடல்வரை தாமிரபரணியை அழகாக வரைந்திருந்தார். பாதிப் பாடம் நன்றாகவே போயிற்று. ஆறு எந்த ஊரில் கடலோடு சேர்கிறது என்று அவர் கேட்டபோது, அவருக்கு வலப்பக்கத்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "புன்னக்காயல்" என்றான். சன்னமான குரல். அவர் திரும்பி, அவன் உதடு அசைந்து முடிந்ததைத்தான் பார்த்தார்.

"இல்ல, உக்காரு" என்று சமாளித்தார்.

பையன் திகைத்துப்போய் உட்கார்ந்தான். இடப்பக்கத்திலிருந்து இன்னொருவன் அதே விடையைச் சொன்னான். "சபாஷ்" என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு விமரிசனம் தொடங்கியது. எனக்கு முன்னால் வாசித்த நான்கு பேரும் அந்தப் பையனைப் பற்றித்தான் சொன்னார்கள். என் நோட்டில், எழுத்து சிறிதாக இருக்கிறது, பலகைப் பக்கமே அதிகம் திரும்பி நிற்கிறார் என்று இரண்டே வரிகள். வாசித்து முடித்ததும், எங்களோடு உட்கார்ந்து பாடத்தைக் கவனித்த பயிற்சிப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பையன் சொன்ன விடையை நீர் கவனிக்கலையா?"

"கவனிக்கலை ஐயா."

"பத்தடி தூரத்துல நடந்ததைக் கவனிக்காதவருக்கு வகுப்பு எதுக்கு? அப்படித்தான் உம்ம நோட்டுல எழுதப் போறேன்" என்று கை நீட்டினார்.

நான் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் நண்பர் எழுந்துவிட்டார். "அவரு பொய் சொல்லுதாரு ஐயா. எனக்கு வலது காது கேக்காது. அது அவருக்குத் தெரியும்" என்றார்.

தலைமை ஆசிரியர் நோட்டை வாங்காமலே எல்லாரையும் போகச் சொன்னார்.

அறைக்குத் திரும்பும் வழியில் நான் வழக்கம்போல அவருடைய வலப்பக்கம் போனேன். அவர் என் கையைப் பிடித்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டார். "இனிமே ஒளிச்சு என்ன வே செய்ய" என்றார். கோபமா என்று கேட்டேன். தன்னால் இன்னொருவன் பிழைப்பும் கெட வேண்டுமா என்று மட்டும் சொன்னார்.

மறு வாரம் அவரை டாக்டரிடம் அனுப்பினார்கள். மேலிடத்துக்குக் கடிதம் போயிற்று. பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த நாட்களில் தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்கு ஓடுவேன். பையன் சொன்னதைக் கவனித்தேன் என்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டாரோ, அந்தப் பாடம் சாதாரணக் கவனக்குறைவாகவே போயிருக்குமோ என்று ஓயாமல் யோசித்தேன். அவரோ பாடத்துக்கு அடுத்த திங்கட்கிழமையே மூன்றாம் வகுப்புக்குப் போய் அந்தப் பையனை எழுப்பி, "நீ சொன்னதுதான் சரி. எனக்குத்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வகுப்பில் இருந்த வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

இடது காது நன்றாக இருப்பதால் தேர்வு எழுதலாம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். வாசிக்க முடியாமல் கண்ணீர் மறைத்தது.

செய்முறைத் தேர்வுக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் அவர் முதலிலேயே காதைப் பற்றிச் சொல்லிவிட்டார். பிறகு பெஞ்சு பெஞ்சாக நடந்து, விடை சொல்கிற பிள்ளையின் பக்கத்தில் போய் நின்று கேட்டார். தேர்வில் இரண்டாம் வகுப்பில் தேறினார். எனக்குப் பாடம் நடத்துவதில் அவரைவிட ஏழு மார்க்கு குறைவு. அவர் சாத்தான்குளத்துக்கே திரும்பினார். எனக்குக் களக்காட்டில் வேலை கிடைத்தது.