எந்திரிக்கச் சொன்னவள்

கணக்கு டீச்சர் கரும்பலகையை விட்டுத் திரும்பும்போதெல்லாம் முதலில் என் பேனாவைத்தான் பார்ப்பார். அவர் யாரிடம் கேள்வி கேட்கிறார், யாரைத் திட்டுகிறார் என்று பிள்ளைக்குப் பிள்ளை கோடு போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பேன். வகுப்பறையில் சாதி எப்படிப் புழங்குகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு. டீச்சரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அவருடைய செல்லப்பிள்ளை முதல் பெஞ்சில் இருந்தாள். பெற்றோருக்குத் தேயிலை எஸ்டேட் வேலை போனதால் அவர்களுடன் மலையிலிருந்து இறங்கி, மணிமுத்தாற்றில் குடியேறியவள். புது ஊர் என்பதால் அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது. சாதிக்கொரு நிறமாக மற்றப் பிள்ளைகள் கட்டியிருந்த கயிறும் அவள் கையில் இல்லை. பக்கத்துப் பெண்ணும் அவளும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். டீச்சரின் கேள்விகளில் பாதி அவளுக்குத்தான்.

எந்தப் பிள்ளை எந்தச் சாதிப் பிரிவு என்ற பட்டியல் எனக்கு வேண்டியிருந்தது. அது தலைமையாசிரியர் பீரோவில் இருந்தது, அவர் லீவு. இரண்டு நாள் பொறுத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? டீச்சர் வருவதற்குள் நானே முன்னால் போய் நின்று, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வாங்குத பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க" என்றேன். நான் படித்த காலத்திலும் இப்படித்தான் கேட்பார்கள். நான் ஒருநாளும் எழுந்து நின்றவளில்லை. அதனால் எனக்கு உறைக்கவில்லை. பின்பெஞ்சுப் பிள்ளைகள் பழகிய காரியமாக எழுந்தார்கள். முதல் பெஞ்சிலிருந்து, கொஞ்சம் தாமதித்து, அவளும் எழுந்தாள். வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் ஒருநாளாவது இப்பிடிக் கேட்டிருப்பேனா?" என்று வெளியே வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். ஆனால் அடுத்த வாரம் முழுக்க அவளிடம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பக்கத்துப் பெண் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். நானோ, வெட்கங்கெட்டவள், அவள் பேருக்கு நேரே கோடு விழாததையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டேன். ஆய்வேட்டில் பாராட்டு வாங்கியதே அந்தப் பக்கம்தான். "தற்செயலாக வாய்த்த அருமையான சான்று" என்றார்கள் வாய்மொழித் தேர்வில். தற்செயலாம்! வாயை மூடிக்கொண்டு பட்டத்தை வாங்கினேன்.

இப்போது ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்குச் சமத்துவம் பற்றிப் பாடம் நடத்துகிறேன். போன மாதம் கங்கைகொண்டான் பஸ் ஸ்டாப்பில், கம்பெனிச் சீருடை போட்ட பெண்கள் கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் வேகமாக என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எக்கா, இங்கன யாருக்கும் தெரியாது. சொல்லிராதீங்க" என்றாள்.